காணாமல் போனவன் எந்தக் கட்சி?

1

எதிர்வீட்டு பேட்ரிக் உள்ளாட்சித் தேர்தலில் தோற்றுப்போனார். எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலையில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே தெருவுக்கு வந்தார். விளக்குக் கம்பங்களில் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்த தன் படங்களை ஒவ்வொன்றாக அறுத்து இறக்கினார். கீழே அவர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாப் படத்திலும் பேட்ரிக் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். இறக்கியதை அடுக்கிக் காரின் பின்சீட்டில் திணித்தார்கள். தேர்தல் முடிந்து ஒரு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் இங்கே அபராதம் உண்டாம்.

நான் இரவு டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தேன். அயர்லாந்தில், டப்ளினுக்கு வடக்கே ஒரு கடலோரச் சிற்றூரில், முதியோர் இல்லத்து நர்ஸ் நான். வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இன்னும் குடியுரிமை வரவில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு வேடிக்கை, குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நானும் போட்டேன். பேட்ரிக்குக்குத்தான். வாசலில் மேஜை போட்டு சிலிப் கொடுக்க ஆளில்லை, கூப்பிட்டுப் போக ஆட்டோ இல்லை, கையைக் கூப்பிக்கொண்டு பின்னாலேயே வர யாருமில்லை. பள்ளிக்கூடத்துக்குள் போனேன், சீட்டில் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசையைக் குறித்தேன், வெளியே வந்தேன். ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லை.

பள்ளிக்குக் கிளம்பிய என் மகள் நிவேதா அவரிடம் போய் வருத்தம் சொன்னாள். பேட்ரிக் ஏணி மேலிருந்தபடியே, தான் இன்னும் கொஞ்சம் வீடுகளின் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். தோல்விக்கான விசாரணை அந்த ஏணியிலேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் தோற்றவன் தன் படத்தைத் தானே இறக்குவதில்லை. தோற்ற மறுநாளே இறக்குவதற்கு வேறொருவனைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்படித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவன் என் அண்ணன் ஏகாம்பரம்.

2

எங்கள் வீடு திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் இருந்தது. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன் மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனான். அவன் பிடித்த மீனில்தான் நான் நர்ஸிங் படித்தேன், ராயபுரத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனேன். அவனுக்கு இரண்டே பிடிமானம். ஒன்று கடல், இன்னொன்று கட்சி.

எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் ‘அந்தக் கட்சி அப்படித்தான்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள், மீதிப்பேர் என் விலாசம் விசாரிப்பீர்கள். கட்சியின் பெயரை மாற்றிப் போட்டாலும் இந்தக் கதையில் ஒரு வரிகூட மாறாது.

அண்ணன் வட்டச் செயலாளர். கட்சிக்காரர்களைப் பதவியால்தான் கூப்பிடுவார்கள், உங்களுக்கே தெரியும். மாவட்டச் செயலாளர் வந்தால் ‘மாவட்டம் வந்துட்டாரு’, பகுதிச் செயலாளர் போனால் ‘பகுதி கெளம்பிட்டாரு’. எங்கள் அண்ணன் ‘வட்டம்’. குப்பத்தில் சின்னப் பிள்ளைகள்கூட ‘வட்டம் மாமா’ என்பார்கள். எங்கள் அண்ணி கன்னியம்மா கோபம் வந்தால், ‘வட்டத்துக்கு சோறு வோணுமா, இல்ல கட்சி ஆபீஸ்ல போடுவாங்களா’ என்று கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவான். இடது முன்கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்தியிருந்தான். எத்தனையோ மறியலில் கைதாகி, பகல் முழுவதும் கல்யாண மண்டபத்தில் உட்கார வைக்கப்பட்டு, சாயங்காலம் வெற்றி வீரனாகத் திரும்பி வருவான். இதனால் அவனுக்கு ஒரு லாபமும் இருந்ததில்லை. கேட்டால், லாபத்துக்கா கட்சிக்குப் போனேன் என்று எரிந்து விழுவான்.

வாக்குப்பதிவு நாள்தான் அவனுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம். விடிவதற்குள் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, பூத்துக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவான். மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை முந்தின நாளே கழுவி வைத்திருப்பான். நடக்க முடியாத பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள். எங்கள் குப்பம் கட்சி ஊர் என்று பெயர் எடுத்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது தன் பொறுப்பு என்று அண்ணன் நினைத்தான்.

எதிர்க்கட்சிக்கு எங்கள் குப்பத்தில் இருந்த ஒரே முழுநேரத் தொண்டன் மாரி. அடுத்த சந்து. தேர்தல் வந்தால் கடலை விட்டுவிட்டுச் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுவான். ஐஸ் பாக்டரிச் சுவர் யாருக்கு என்று அவனுக்கும் அண்ணனுக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் தகராறு. நான் அயர்லாந்து வருவதற்கு முந்தின வருடத் தேர்தலில் அது கைகலப்பு வரைக்கும் போய், அண்ணன் சட்டை கிழிந்து வந்தான். மாரியின் பெண்டாட்டி தேசம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

3

பிரசாரம் ஓய்ந்துவிட்டதால், வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாரி தனியாகக் கட்டுமரத்தில் கடலுக்குப் போனான். அன்று சாயங்காலம் வரவில்லை. விடிந்தும் வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரையில் ஒரு ஆள் கடலில் காணோம் என்றால் அது அந்த வீட்டு விஷயம் இல்லை. பஞ்சாயத்தார் கோயில் முன்னால் கூடி ஊரை நிறுத்துவார்கள். ஆள் கிடைக்கும்வரை, அல்லது இனிக் கிடைக்கமாட்டான் என்று ஊர் முடிவு செய்யும்வரை, யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. எல்லாப் படகும் தேடப் போகவேண்டும். எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. பெண்கள் கரையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மாரி யாரோடு அடித்துக்கொண்டான், எவன் சுவரில் எழுதினான் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கணக்கிலேயே வராது. நாளைக்கு யார் வீட்டு ஆளும் காணாமல் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் அன்றைக்கு ஓட்டுப் போடுவதற்காக ராயபுரம் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். கோயில் முன்னால் கூட்டம் நின்றது. யாரோ ஒருவர், போற வழியில ஓட்டு குத்திட்டு வந்துட்டா இன்னா என்று இழுத்தார். பஞ்சாயத்துப் பெரியவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

“ஓட்டு அஞ்சு வருசம் கழிச்சு இன்னொருதபா வரும். ஆளு வருமா?”

எல்லாரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவன் வெள்ளைச் சட்டையோடு நின்றான். பையில் சிலிப் கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெண்களையாவது அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால், பஞ்சாயத்தில் கொஞ்சம் இளகியிருப்பார்களோ என்னவோ. அவன் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்தான். தன் ஃபைபர் படகைத் தள்ளுவதற்குத் தோள் கொடுத்தான். ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, தேசம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள், அவளை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுப் பேச்சு எடுப்பது என்றான்.

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து காசிமேட்டுத் துறைமுகச் சுவர்வரை தேடினார்கள். நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்தோம். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தது. குப்பத்துக்கு வெளியே இருந்த தெருக்காரர்கள் போய்ப் போட்டார்கள். கட்சி மேஜை மட்டும் வெறுமனே கிடந்தது என்று பிறகு சொன்னார்கள். படகுகள் திரும்பியபோது வெயில் இறங்கி, பள்ளிக்கூடத்துக் கதவையும் சாத்திவிட்டிருந்தார்கள். மாரி கிடைக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் போனார்கள். துடுப்பு மட்டும் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது. ஊர் கூடித் தேடலை நிறுத்திக்கொண்டது.

4

கட்சி தோற்றது. எங்கள் தொகுதியில் மட்டுமல்ல, மாநிலம் முழுக்கத் தோற்றது. பெரிய பெரிய தலைகள் உருண்டன. எங்கள் தொகுதியில் வித்தியாசம் சொற்பம். அதுதான் வினையாகப் போயிற்று. பெருந்தோல்வியாக இருந்திருந்தால் அண்ணன் தப்பித்திருப்பான்.

முன்பெல்லாம் சீட்டுகளைக் கலந்து எண்ணுவார்கள், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வந்த மிஷினில் பூத் பூத்தாகப் படித்துவிடுகிறார்கள். எங்கள் பூத்தில் கட்சிக்கு விழுந்த சொற்ப ஓட்டைப் படித்தபோது எண்ணும் இடத்தில் இருந்த கட்சிக்காரர்கள் காது சரியாகக் கேட்கவில்லை என்றே நினைத்தார்களாம்.

சில வாரம் கழித்து வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தோல்வி பற்றிய ஆய்வுக் கூட்டம். அண்ணன் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். போண்டா, டீ கொடுத்தார்கள். முதலில் பழி கூட்டணிக் கட்சிமேல் விழுந்தது. கூட்டணிக்காரன் ஒருத்தனும் வேலை செய்யவில்லை. பிறகு அது வேட்பாளர்மேல் நகர்ந்தது. ஆள் வெளியூர், இங்கே சந்து பொந்து தெரியாது. வேட்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் அதை மெதுவாகத்தான் சொன்னார்கள். தலைமை எடுத்த முடிவுகளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. வெயில்மேல்கூடக் கொஞ்ச நேரம் பழி போட்டார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, யார் தலையிலும் இறங்காமல் பேச்சு அந்தரத்தில் நின்றபோது, பகுதி எழுந்து எங்கள் பூத்தின் ஓட்டுக் கணக்கைப் படித்தார். மண்டபமே திரும்பி அண்ணனைப் பார்த்தது. எல்லாருக்கும் நிம்மதி என்று அண்ணன் சொன்னான். முகத்திலேயே தெரிந்ததாம்.

“இன்னா வட்டம், உன் பூத்துல இன்னா ஆச்சு?” என்று பகுதி கேட்டிருக்கிறார்.

“ஆளு காணோம்ணே. ஊரே கடல்ல இருந்துச்சு.”

“யாரு காணோம்?”

“மாரிண்ணே.”

“மாரி எந்தக் கட்சி?”

அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் அண்ணனிடம் கேட்டதில்லை. கடலில் தேடியபோது அவனுக்கே அது தோன்றியதில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ ‘துரோகி’ என்று சொன்னார்கள். எவ்வளவுக்கு விலை போனான் என்று இன்னொருவர். போண்டாத் தட்டை எடுக்க வந்த பெண் அவன் தட்டை மட்டும் எடுக்காமல் போனாள் என்றான். அதுகூட அவன் கற்பனையாக இருக்கலாம், அந்த நேரத்தில் எல்லாமே அப்படித்தான் தெரியும்.

கட்சிப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. கட்சியின் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால், அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் ஏகாம்பரம் நீக்கப்படுகிறார். கட்சித் தோழர்கள் யாரும் இவருடன் எந்தவிதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் இந்த வாசகத்தைப் பேப்பரில் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். பெரிய ஆட்களை நீக்கும்போது அது சும்மா ஒரு வாசகம். அவர்கள் வேறு கட்சி ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு குப்பத்தில், எல்லாருமே அந்தக் கட்சியாக இருக்கிற ஊரில், அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பார்.

அண்ணன் படகில் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு படகுக்குப் போனார்கள். யாருக்கும் அவன்மேல் கோபம் இல்லை. தேடப் போனதில் அவர்களும்தான் இருந்தார்கள். பகுதி காதுக்குப் போனால் வம்பு, அவ்வளவுதான். ‘வட்டம்’ என்று கூப்பிட்டவர்கள் ‘ஏகாம்பரம்’ என்றார்கள், பிறகு கூப்பிடுவதையே விட்டார்கள். படகை விற்றுவிட்டுக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கூலிக்குப் போனான். எவ்வளவு வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான், பச்சை குத்தியதை மறைக்க. சில வருடம் கழித்து சுனாமி வந்து எங்கள் குப்பத்தையே எர்ணாவூர்த் தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கேயும் தண்ணீர் வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவன் திரும்பிப் பேசவில்லை.

அவனோடு பேசிய ஒரே ஆள் தேசம்மா. மாரிக்கு வருடா வருடம் கரையில் படையல் போடுவாள். போட்டதும் முதல் இலை எங்கள் அண்ணன் வீட்டுக்கு வரும். மண் தூற்றிய அதே கையால், ‘நைனா, மாரி சோறு’ என்று கொடுத்துவிட்டுப் போவாள்.

5

அந்தத் தேர்தலுக்கு அடுத்த வருடம் நான் இங்கே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். முதலில் போன் கார்டு வாங்கி, நீளமான எண்ணைச் சுரண்டிப் போட்டு, பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டு, ஆளைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருப்பேன். இப்போது அண்ணனிடமே செல்போன் இருக்கிறது. “இன்னா தனம், நல்லா கீறியா?” என்றுதான் ஆரம்பிப்பான். நானும் “கீறேண்ணா” என்பேன். அந்த ஒரு மணிநேரம்தான் வாரத்தில் நான் என் பாஷை பேசுவது. இங்கே இருக்கிற மற்றத் தமிழ்க்காரர்கள் நடுவில் அதைப் பேசினால், சினிமாவில் ரவுடி வந்த மாதிரி பார்க்கிறார்கள்.

நிவேதா சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். ஒருநாள் போனை வாங்கி, “மாமா, ‘கீது’ தப்பு. ‘இருக்கிறது’ன்னு சொல்லணும்” என்றாள். அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தான். சரி வாத்தியாரம்மா என்றான். அப்போது சிரித்ததுதான், அதற்குப் பிறகு அவளும் போனுக்கு வருவதில்லை. மாமா எப்போதும் தோற்ற கதையே சொல்கிறார் என்கிறாள். அவள் சொல்வது பொய்யில்லை. அதை எப்படி அவளுக்குப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கட்சி உன்னை நீக்கினால் நீ இன்னொன்றில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிற பெண் அவள்.

அண்ணனுக்கு அது முடியாது. எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள், சால்வையோடு. அவர்களைத் திட்டி அனுப்பினான்.

6

சில வருடம் முன்பு அண்ணன் மகள் சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை புதுவண்ணாரப்பேட்டை, நல்ல பையன், தச்சு வேலை. பையனின் சித்தப்பா கட்சியில் பொறுப்பில் இருந்தார். நீக்கப்பட்டவன் வீட்டில் எப்படிக் கை நனைப்பது என்று அவர் தயங்கினார். அவர் வராவிட்டால் மற்றவர்களும் வரமாட்டார்கள். முகூர்த்தத்தில் பெண் வீட்டுப் பக்கமும் காலி, பையன் வீட்டுப் பக்கமும் காலி. சித்தப்பாவே வழியும் சொன்னார். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும், பகுதியிடம் பேசி மறுபடி சேர்த்துவிடலாம்.

அண்ணன் எனக்குப் போன் செய்தான். பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான். “தேர்தல் நாளன்று கட்சிப் பணியைப் புறக்கணித்து, மாற்றுக் கட்சியைச் சேர்ந்தவருக்காகக் கடலுக்குச் சென்றது தவறு என்பதை உணர்ந்து வருந்துகிறேன்.”

எழுதாதேண்ணா என்றேன். மாநிலம் பூராவும் தோற்றார்களே, ஊர் ஊருக்கு ஒரு மாரியா காணாமல் போனான், மதுரையில் தோற்றதற்கு எந்தப் படகு காரணம் என்று கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கத்தி முடித்து நான் டியூட்டிக்குப் போய்விட்டேன். பந்தலில் தனியாக நிற்கப்போகிறவன் அவன்.

கல்யாணத்துக்கு நான் போகவும் முடியவில்லை. இந்த நாட்டை விட்டுப் போனால் திரும்பி நுழைய ஒரு விசா வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டு, அது வருமா வருமா என்று தபால்காரன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் செய்தால் பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிவு செய்த குரல். தாலி கட்டிய பிறகு ஒருநாள் அது ஒரு பழுப்பு உறையில் வந்து விழுந்தது.

அண்ணன் கையெழுத்துப் போட்டான். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு கட்சிப் பத்திரிகையில் வந்தது. செய்த தவறுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்ததை ஏற்று, ஏகாம்பரம் மீண்டும் கட்சியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். கல்யாணத்துக்குக் கூட்டம் நெரிந்ததாம். பகுதியே வந்து மொய் எழுதினார். பல வருடம் பேசாதவர்கள் தோளில் கை போட்டார்கள். அண்ணன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தான் என்று அண்ணி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தேசம்மா வந்ததைச் சொன்னாள்.

தேசம்மா பெண்ணுக்கு நெற்றியில் குங்குமம் வைத்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். கை கழுவிவிட்டு நேரே அண்ணனிடம் வந்தாள்.

“நைனா, மாரியத் தேடினது தப்புன்னு எழுதிக் குடுத்தியாமே. மெய்யா?”

“அது கட்சிக்கு எழுதனது தேசம்மா. உனுக்கு இல்ல.”

“சரி நைனா” என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வருடப் படையலிலிருந்து அண்ணன் வீட்டுக்கு இலை வருவதில்லை.

7

இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணனுக்கு பேட்ரிக் கதையைச் சொன்னேன். கேட்டால் சிரிப்பான் என்று நினைத்தேன். ஏணி, பின்சீட்டு நிறையப் படங்கள், அதே சிரிப்பு என்று கொஞ்சம் ஜோடித்தே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“கட்சிய வுட்டு யாரத் தூக்குனாங்கோ?” என்றான்.

யாரையும் தூக்கவில்லை என்றேன். அவரே தோற்றேன் என்கிறார், அடுத்த தடவை பார்க்கலாம் என்கிறார்.

“அது எப்படி? தோத்தா யாரோ ஒருத்தன் பண்ணிருக்கணுமே.” பிறகு, “எங்க விசயத்துல நாந்தான் தனம். யோசிச்சுப் பாத்தா அவங்கோ சொன்னதும் சரிதான். நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா பஞ்சாயத்து வுட்டிருக்கும்” என்றான்.

முன்பு வீம்புக்காகவாவது மறுப்பான். இப்போது யாரும் குற்றம் சாட்டவில்லை. அவனே தேடிப்போய் எடுத்து மாட்டிக்கொள்கிறான். இத்தனை வருடத்தில் அந்தக் கட்சி தோற்றிருக்கிறது, ஜெயித்திருக்கிறது, ஆளுங்கட்சியாக இருந்திருக்கிறது. ஜெயித்ததற்கு யார் காரணம் என்று எந்த மண்டபத்திலும் கூட்டம் போட்டு விசாரிக்கவில்லை. தோற்றதற்கு மட்டும் என் அண்ணன் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். இனி அவனை எந்த வார்த்தை சொல்லியும் மீட்க முடியாது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. அவனுக்காக அழக்கூட எனக்கு வரவில்லை, வெறும் களைப்புதான் வந்தது.

பேச்சை மாற்ற, ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டேன். குரல் உடனே நிமிர்ந்தது. போன வாரம் எர்ணாவூரில் கட்சிப் பொதுக்கூட்டம். ஆள் கூட்டிவரும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருந்தார்கள். பொறுப்பு இன்னும் எழுத்தில் வரவில்லை, ஆனால் பகுதி வாயால் சொல்லிவிட்டார். லாரி வந்து நின்ற நேரம் பார்த்து, எங்கள் குப்பத்து ஆண்டாளின் மகன் கடலில் காணோம் என்று சொன்னார்களாம். முந்தின நாள் போன ஃபைபர் படகு திரும்பவில்லை. பஞ்சாயத்து ஊரை நிறுத்தியது.

“நீ இன்னா பண்ண?” என்றேன்.

“மீட்டிங்குக்கு ஆளு ஏத்தினேன். எல்லாம் வரல. கட்சிக்காரங்கோ கொஞ்சம் பேரு, பொம்பளைங்கோ கொஞ்சம் பேரு. ஒரு லாரி ரொம்பிச்சு.”

“தேட யாரு போனாங்க?”

“ஊரு போச்சு.”

“அந்தப் பையன்?”

“சாயங்காலம் வந்துட்டான். எஞ்சின் நின்னுடுச்சாம். காசிமேட்டு போட்டு ஒண்ணு கட்டி இழுத்தாந்துச்சு. பாத்தியா, ஒண்ணும் ஆவல. அதுக்குப் போயி அத்தினி பேஜாரு.”

கரையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தேசம்மா இருந்தாள் என்றான். யார் வீட்டு ஆள் காணோம் என்றாலும் முதலில் வந்து உட்காருகிறவள் அவள்தான். லாரி கிளம்பும்போது நிமிர்ந்து பார்த்தாளாம்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்கு முன்னால் விளக்குக் கம்பம் வெறுமையாக நின்றது. நிவேதா மாடியில் யாரோடோ ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இன்னும் கூட்டத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான். மேடைக்குக் கீழே முன்வரிசையில் நின்றானாம். மாவட்டம் மேலிருந்து அவனைப் பார்த்துக் கையைக் காட்டினாராம்.

“இந்தவாட்டி ஒருத்தனும் எம்மேல பழி போட முடியாது தனம்” என்றான்.

சந்தோஷமாகத்தான் சொன்னான்.